உன் அம்மா வாசிக்காமல் போட்ட கையெழுத்து

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ செல்போனில் காட்டிய பிளெக்ஸ் போர்டு படத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாய். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நன்றாகவே பார்த்தேன். நடுவில் ஆள் உயரத்துக்கு நீ நிற்கிறாய். வெள்ளைச் சட்டை, கலையாத வேட்டி, கும்பிட்ட கை. மேலே ஒரு வட்டத்துக்குள் நான், ஏதோ செத்துப்போனவன் மாதிரி. கீழே ஓரத்தில், பஸ் பாஸில் ஒட்டுகிற அளவுக்குச் சுதா. நம்ம ஊராட்சித் தலைவர் பதவி இந்த முறையும் பெண்களுக்குத்தான் வரும் என்கிறாய். அப்படியானால் தேர்தலில் நிற்கப்போகிறவள் உன் மனைவி சுதா. போர்டைப் பார்க்கிறவனுக்கு அது தெரிய வேண்டுமென்றால் பூதக்கண்ணாடி வேண்டும்.

அதைக்கூட நான் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். நீ அடுத்துச் சொன்னதுதான் என்னை இந்தப் பேனாவை எடுக்க வைத்தது. "அம்மா படம் மட்டும் வேணாம்ப்பா. ஜனங்க பழச மறந்திருப்பாக. நாமளா எதுக்கு ஞாபகப்படுத்தணும்?" என்றாய். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன். நீ அந்தப் படத்தைத் தெருவில் நாலு பேரிடம் காட்டப் போனபிறகு, தம்ளர் கழுவிக்கொண்டிருந்த சுதா திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "மாமா, அத்தை அப்பிடி என்னதான் தப்புப் பண்ணுனாக? இவுககிட்டக் கேட்டா எரிஞ்சு விழுறாக." சொல்கிறேன்மா என்று அவளிடம் சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவதுபோல வெளியே போய்விட்டேன். மாடு அப்போதுதான் தண்ணீர் குடித்திருந்தது.

நேரில் சொல்ல மூன்று தடவை வாயெடுத்திருக்கிறேன். உன் அம்மாவைச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்த மறுநாள் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் மாட்டைப் பார்க்கப் போய்விட்டேன். அதனால் எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. மே தினக் கிராம சபையில் ஊர் முன்னால் நின்று இதை வாசிக்கப்போகிறேன். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும். டீக்கடையில் வேறொருவன் வாயால் நீ கேட்கக்கூடாது.

உன் அம்மா தலைவரானபோது நீ கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். பெண்களுக்கு ஒதுக்கியாகிவிட்டது, யாரையாவது நிறுத்த வேண்டும் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் நம் வீட்டுக்கு வந்தார்கள். "வேலுத்தாய் பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கு. பேருக்கு அது இருக்கட்டும், மத்ததெல்லாம் நீ பாத்துக்க" என்றார்கள் என்னிடம். அவள் உள்ளே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெள்ளந்தி, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று எல்லோரையும் போல நானும் நினைத்தேன். இருபது வருஷம் கூடக் குடித்தனம் செய்தவன் நினைத்தேன்.

முதல் கிராம சபையிலேயே எங்கள் எல்லோருக்கும் வேர்த்துவிட்டது. அதுவரை நம்ம ஊரில் வழக்கம் வேறு. பள்ளிக்கூடத்தில் கூட்டம் போடுவார்கள், ஏதேதோ பேசுவார்கள், தீர்மானப் புத்தகத்தில் பாதிப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு அதற்குக் கீழே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். வராதவர்கள் வீட்டுக்குப் புத்தகம் போகும். மேலே என்ன எழுதுவது என்பதை ஊராட்சிச் செயலர் நாலு நாள் கழித்துச் சாவகாசமாக எழுதிக்கொள்வார். சுற்றுப்பட்டியில் பாதி ஊர்களில் அப்படித்தான் நடந்தது. அதைத் தப்பு என்று யாரும் நினைத்தது கூட இல்லை, பந்திக்கு இலை போட்டுவிட்டுச் சோற்றுக்குக் காத்திருப்பது மாதிரி. உன் அம்மா அந்தப் புத்தகத்தைச் செயலர் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "மொதல்ல எழுதுங்க. நான் வாசிக்கிறேன். கேட்டுட்டு எல்லாரும் போடட்டும்" என்றாள்.

அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் பாண்டியம்மா. உனக்குத் தெரியும், மேலத்தெருவில் வெள்ளாடு மேய்த்த பாண்டியம்மா. கைநாட்டுக்காரி. தெருவிளக்குப் பற்றிய தீர்மானத்தை உன் அம்மா வாசித்து முடித்ததும், "இன்னொருக்கா வாசி தாயி, வெளக்கு எத்தனைன்னு காதுல விழல" என்றாள். ஆண்கள் பக்கம் சிரிப்பு. உன் அம்மா சிரிக்கவில்லை. முதலிலிருந்து வாசித்தாள். பாண்டியம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, எங்கள் தெருவுக்கு ஒன்று குறைகிறது என்றாள். எண்ணிப் பார்த்தால் குறையத்தான் செய்தது. அன்றைக்குச் சேர்த்து எழுதிய விளக்குதான் இன்றும் அவள் வீட்டு முக்கில் எரிகிறது. அதன் பிறகு கிராம சபைக்கு ஆள் வர ஆரம்பித்தது. கூலி வேலைக்கு ரெட்டியபட்டிப் பக்கம் போகிறவர்கள் கூட அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார்கள். வேலுத்தாய் வாசித்தால் சரியாக இருக்கும் என்று ஒரு பேச்சு ஊரில் உண்டாகிவிட்டது. அரசாங்கம் என்று ஒன்று எங்கேயோ சென்னையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த ஜனம், அது நம்ம பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து நிறுத்தி நிதானமாக வாசிக்கிறது என்று கண்டுகொண்டது.

எனக்குப் பிடிக்கவில்லை, தம்பி. ஊரில் என்னைப் "பிரசிடெண்டம்மா வீட்டுக்காரர்" என்றார்கள். திருச்சுழி பஸ்ஸில் கண்டக்டர் முதற்கொண்டு, "என்னண்ணே, இன்னைக்கு வெளிய வர அம்மாட்டப் பெர்மிசன் வாங்கியாச்சா?" என்று கேட்பான். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்து சோற்றில் உப்பு இல்லை என்று கத்துவேன். உப்பு சரியாகத்தான் இருக்கும். அவள் ஒரு கல் உப்பைக் கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவாள். தாலுகா ஆபீசில் அவளுக்கு நாற்காலி போடுவார்கள், நான் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பொறாமை என்பது பக்கத்து வீட்டுக்காரன் மேல் வருவது என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் வருஷம் அவளுக்கு மூட்டுக் காய்ச்சல் வந்தது. சிக்குன்குனியா என்றார்கள். தெருவுக்கு நாலு பேர் அப்படிக் கிடந்த வருஷம் அது. விரலெல்லாம் வீங்கி, தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மூன்று வாரம் கட்டிலைவிட்டு எழவில்லை. அந்த மூன்று வாரமும் ஊராட்சி ஆபீசில் அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். முதல் நாள் ஓரமாக உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த ஒப்பந்தக்காரர் வந்தார். கண்மாயைத் தூர்வாரித் தருகிறேன், வாருகிற சவுடு மண்ணை நான் எடுத்துக்கொள்கிறேன், ஊராட்சித் தீர்மானம் ஒன்று வேண்டும் என்றார். அம்மாவுக்குக் காய்ச்சல், அவள் எழுந்தபிறகு வாருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவும் வாயெடுத்தேன். அவர் சொன்னார்: "அம்மா கெடக்கட்டும். நீங்க சொன்னாச் சொன்னதுதான தலைவரே."

தலைவரே என்றான், தம்பி. அவ்வளவுதான். காசு வாங்கினாயா என்று கேட்பாய். பின்னால் நடந்த விசாரணையில் உன் அம்மாவிடம் கூட அதைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். சல்லிக்காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ஏதோ பேராசை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உன் படிப்புக்காகச் செய்தேன் என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அதுவும் பொய். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் செய்தேன்.

அந்த முறை கிராம சபை நடக்கவில்லை. பழைய வழக்கப்படி, பாதிப் பக்கத்தை வெறுமையாக விட்டுத் தீர்மானப் புத்தகத்தை நானே கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கண்மாய் தூர்வாரப் போகிறோம், மூன்றடி ஆழம், தண்ணீர் கூட நிற்கும் என்றேன். ஜனங்கள் அதைக் கேட்கவே இல்லை. எல்லா வாசலிலும் ஒரே கேள்விதான். பாண்டியம்மா ஆட்டுக்குத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் ஈரம் படக்கூடாது என்று கையைச் சேலையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டாள். பெருவிரலை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "வேலுத்தாயி வாசிச்சுட்டாளா?" வாசித்துவிட்டாள் என்றேன். "அப்பச் சரி" என்றாள்.

ஊர் பூராவும் வாங்கிக்கொண்டு கடைசியாக உன் அம்மாவிடம் வந்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தவள், "மேல ஒண்ணும் எழுதலையே?" என்றாள். கிராம சபை நடந்தது, கண்மாயை மூன்றடி தூர்வாருவது என்று எழுதின தாளை எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டோம், புத்தகத்தில் ஏற்றுவதுதான் பாக்கி என்றேன். "பாண்டியம்மா கேட்டாகளா?" என்றாள். இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கைநாட்டு வைத்தாள் என்றேன். அந்த வீங்கின விரல்களுக்கு நடுவில் பேனாவை நான்தான் செருகிவிட்டேன். அவள் வாசித்துவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னேன், ஊர் கேட்டுவிட்டது என்று அவளுக்குச் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் நம்பி ஒரு வெற்றுத்தாளுக்குக் கீழே நின்றார்கள். மேலே எத்தனை அடி, எத்தனை நாள் என்பதை ஒப்பந்தக்காரர் சொல்லச் சொல்லச் செயலர் எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

அவள் எழுந்து நடமாட ஆரம்பித்தபோது லாரிகள் போக ஆரம்பித்திருந்தன. புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை அவள் பார்த்திருக்கிறாள். என்னிடம் வந்து, "மூணடின்னு எங்கயுமே இல்லையே" என்றாள். வேலை நடக்கும்போது நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். லாரியை மறிக்க அவளே கண்மாய்க்குப் போனாள். லாரிக்காரர்கள் அவள் கையெழுத்தின் நகலை அவளிடமே காட்டினார்கள். இரண்டு மனு எழுதிப் போட்டாள். பதில் வருவதற்குள் மழை வந்துவிட்டது.

அந்த ஐப்பசி மழை மாதிரி நம்ம காட்டில் பெய்து எத்தனையோ வருஷம். கரிசல் காடெல்லாம் சேறு, ஓடையெல்லாம் ஓட்டம், கண்மாய் நிரம்பிக் கழுங்கு தட்டியது. ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. ஒப்பந்தக்காரர் தோண்டிய குழிகளெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன, எங்கே எவ்வளவு ஆழம் என்று ஒருவருக்கும் தெரியாது. நம்ம கண்மாயில் என்றைக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றிருக்கிறது? அதனால்தான் நம்ம ஊரில் நீச்சல் தெரிந்த ஆளே கிடையாது. மூன்றாம் நாள் காலையில் பாண்டியம்மாவின் குட்டி ஆடு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டு கத்தியது. பிறந்ததிலிருந்து நடந்த இடம்தானே என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நாலு எட்டு வைத்தாள். ஐந்தாவது எட்டில் ஆளைக் காணோம். கரையில் முப்பது பேர் நின்றோம். நானும் நின்றேன். தீயணைப்பு வண்டி அருப்புக்கோட்டையிலிருந்து வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது.

கோட்டாட்சியர் விசாரணைக்கு வந்தார். பள்ளிக்கூடத்திலேயே மேசை போட்டார்கள். தலைவரம்மா வாசித்துவிட்டார்கள் என்று சொன்னதால் கையெழுத்து வைத்தோம் என்றுதான் ஒவ்வொருவரும் சொன்னார்கள். சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. கடைசியாக, வெளியே உட்கார்ந்திருந்த உன் அம்மாவை உள்ளே கூப்பிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். இது உங்கள் கையெழுத்தா, ஏன் கோணலாக இருக்கிறது என்றார். "அப்பக் காய்ச்சல் சார்" என்றாள். "வாசிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டீங்களா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நீ சொல்கிறாயா, நான் சொல்லவா என்று கேட்பது போலப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "வாசிச்சுட்டுத்தான் போட்டேன்" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். கேட்க எனக்கு வெட்கமாக இல்லை பார். அவள் சொன்னாள்: "வாசிக்கலைன்னு சொன்னா மட்டும் அந்தக் கையெழுத்து வேற யாரோடதாவது ஆயிருமா?" நம்ம ஊரில் தலைவர் என்று ஒருத்தர் இருந்தார் என்றால் அது அவள்தான், தம்பி. வேறு எதை வைத்துச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவளைப் பதவியிலிருந்து நீக்கிய உத்தரவை ஆபீஸ் கதவில் ஒட்டினார்கள். பேப்பரில் அவள் படத்தைப் போட்டார்கள். டீக்கடையில், "பொம்பளைட்டப் பதவியக் குடுத்தா இப்பிடித்தேன். பாவம், இவரு என்ன செய்வாரு" என்று என் தோளைத் தொட்டுச் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பரிதாபத்தையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பாண்டியம்மாவின் பதினாறாம் நாள் காரியம் கழித்து அவள் அந்த வீட்டுக்குப் போனாள். மகள் செல்வி வாசலில் நின்று, "அத்தை, நீங்க வாசிச்சுட்டீகன்னு சொன்னதுக்குத்தான எங்கம்மா கைய வச்சுச்சு" என்றாளாம். உள்ளே கூப்பிடவில்லையாம். அன்றைக்குத்தான் உன் அம்மாவுக்கு முழுசும் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைக் கேட்டாள்: "எம் பேரச் சொல்லியா வாங்குனீக?" எல்லோரும் கேட்டார்கள், சொன்னேன் என்றேன். அதற்குமேல் இதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அன்றைக்கப்புறம் அவள் கையெழுத்துப் போட்டதே இல்லை. பேங்கில் மைப்பெட்டி கேட்பாள். "ஒங்களுக்குத்தான் எழுதத் தெரியுமேம்மா" என்பார் அங்கே இருக்கிறவர். இவள் பெருவிரலை நீட்டுவாள். மதுரை ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்டு ஒரு பாரம் கொடுத்தார்கள் அல்லவா, அதை ஒரு வரி விடாமல் முழுசாக வாசித்தாள். வாசித்துவிட்டுக் கைநாட்டு வைத்தாள். மறுநாள் நீ வந்தபோது அவள் விரலில் மை இருந்தது. நீ பார்த்தாய். என்ன என்று கேட்கவில்லை.

உன்னைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? உனக்குத் தெரிந்தது பேப்பரில் வந்தது மட்டும்தான். அது வந்த அன்றைக்கு நீ ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணி, "ஒரு உசுரு போயிருக்கும்மா. என்னன்னு பாக்காமயா போட்ட?" என்று கத்தினாய். "பாத்துத்தான்யா போட்டேன்" என்றாள் உன்னிடமும். "அப்பாட்டக் குடு" என்றாய். நான் போனை வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "அவன்ட்டச் சொல்லிராதீக. அம்மான்னு நாந்தான் இல்லாமப் போயிட்டேன், அப்பான்னு நீங்களாச்சும் இருங்க அவனுக்கு." அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று வருஷம் சுகமாக இருந்தேன். இன்றைக்கு மீறுகிறேன். அவள் கேட்டது நான் பதுங்கிக்கொள்வதற்காக இல்லை என்று புரிய எனக்கு உன் பிளெக்ஸ் போர்டு வேண்டியிருந்தது.

இந்த ஜனங்கள் படிக்காதவர்கள், அதனால்தான் நல்ல திட்டம் வந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்கள் என்று நீ சொன்னாய். குழாய்த் தண்ணீர்த் திட்டத்துக்கு ஆபீசர் வந்தபோதும், ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போகும்வரை ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. எந்தத் தாளை நீட்டினாலும் "யாரு வாசிச்சது?" என்று கேட்கிறார்கள். அது படிக்காத குறை இல்லை. வாசலுக்கு வந்து சொன்னவனை நம்பிக் கையை நீட்டி, ஒருத்தியைப் பறிகொடுத்த ஜனம் அது. பகலில் கண்மாய்க்கரைப் பக்கம் போனாலே எனக்கு அந்த "அப்பச் சரி" கேட்கிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது கேட்கிறது. யாராவது ஈரக்கையைத் துணியில் துடைத்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். காது மந்தமாகிவிட்டது என்று டாக்டரிடம் கூட்டிப்போனாயே, மற்றது எதுவும் சரியாகக் கேட்பதில்லை, உண்மைதான்.

சுதாவை நிறுத்து. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என்ன தப்பு நடந்தது என்று இத்தனை வருஷத்தில் என்னைக் கேட்டவள் அவள் ஒருத்திதான், அதனால் அவளுக்கு அந்த வேலை வரும். ஆனால் நீ அந்த நாற்காலியில் உட்காராதே. அவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் உட்காராதே. நாற்காலி காலியாகக் கிடக்கட்டும். போர்டில் உன் போன் நம்பரைப் போடாதே. உன்னை யாராவது தலைவரே என்று கூப்பிட்டால், அது சுதா என்று அந்த இடத்திலேயே சொல்லு. சொல்லக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். நான் கிராம சபையில் இதை வாசித்தபிறகு நம் குடும்பத்துக்கு ஒரு ஓட்டும் விழாமல் போகலாம். விழாவிட்டால் போகட்டும். சுதா அடுத்த முறை தன் சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டுக்கொள்வாள்.

நேற்று செல்வியிடம் போய்ச் சொன்னேன். பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள், ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கேட்டுவிட்டுக் கையிலிருந்த பருத்தியை மடிக்குள் போட்டாள். பிறகு, "அத்தை அன்னைக்கு எங்க வாசல்ல நின்னப்ப, தான் வாசிக்கலைன்னு ஒரு வார்த்த சொல்லலையே மாமா" என்றாள். அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "உள்ள வாங்கன்னு கூடக் கூப்பிடாம நிக்க வச்சேனே" என்றாள். அவள் தன் தாய்க்காக அழவில்லை, தம்பி. உன் தாய்க்காக அழுதாள். எனக்குத் தேற்றத் தெரியவில்லை. மடியிலிருந்து சிந்திய பருத்தியைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைக் கிராம சபையில் வாசிக்க மாட்டேன், இது உனக்கு மட்டும். நீ கோயம்புத்தூரில் இருந்த அத்தனை வருஷமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் பண்ணுவாய். அவள் எடுத்தால் "அப்பாட்டக் குடு" என்பாய். அவள் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள் என்று நீ நினைத்திருப்பாய். போகமாட்டாள். ஸ்பீக்கரில் போடச்சொல்லிக் கையைக் காட்டுவாள். நீ வைக்கிறவரை வாய்க்குள் முந்தானையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். வேலை கிடைத்ததும், மஞ்சள் காமாலை வந்து கிடந்ததும், சுதாவைப் பார்த்துப் பிடித்துப்போனதும், குழந்தை உண்டாகியிருப்பதும், எல்லாமே நீ என்னிடம்தான் சொன்னாய். எல்லாவற்றையும் அவள் கேட்டாள். ஒரு தடவை, "அம்மா எப்படி இருக்கா?" என்று நீயாகக் கேட்டாய். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். அவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

உன் அப்பா